ஐரோப்பாவில் ஹெலிகாப்டர் விமானி லைசென்ஸ்: தனியாகப் பறக்கவும் இருவர் குழுவில் பறக்கவும் முழுமையான வழிகாட்டி

ஆல்ப்ஸ் மலையில் காலொடிந்து கிடப்பவரைத் தூக்கிவரும் மருத்துவ ஹெலிகாப்டரில் பகல் வேளையில் பெரும்பாலும் ஒரே ஒரு விமானிதான் இருப்பார். வடகடல் எண்ணெய்த் தளத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஹெலிகாப்டரில் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வேலை ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு இருக்கைகளுக்கும் போகிற வழி வேறு, எழுதவேண்டிய தேர்வு வேறு, லாக்புக்கில் சேரவேண்டிய மணிநேரமும் வேறு. நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இந்தத் தொழில் பற்றிக் கேட்கும்போது, "லைசென்ஸ் எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். தனியாகவா, இருவராகவா என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். தள்ளிப்போட்டால் மறுபடி படிப்பு, மறுபடி தேர்வு, மறுபடி செலவு.

இங்கே சொல்வதெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1178/2011 விதியையும், விமானி லைசென்ஸ் விதிகள் அடங்கிய அதன் முதல் இணைப்பான பார்ட்-எஃப்சிஎல்லையும், நிறுவனங்களுக்கான பறப்பு விதிகளையும் ஒட்டியது. ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகியவையும் இவற்றைத்தான் பின்பற்றுகின்றன. பிரிட்டன் 2021 முதல் தனிக்கணக்கு. அங்கே விதிகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பிரிட்டிஷ் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் பதிவான ஹெலிகாப்டரை ஓட்ட முடியாது. பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த லைசென்ஸ் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எது ஒற்றை விமானி, எது இருவர் குழு?

இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சாதாரண விமானங்களில் கணக்கு எளிது: குறைந்தது இரண்டு விமானிகள் வேண்டும் என்று சான்றளிக்கப்பட்டிருந்தால் அது மல்ட்டி-பைலட் விமானம். ஹெலிகாப்டருக்கு விதி வேறு. கோ-பைலட் கட்டாயம் என்று அதன் பறப்புக் கையேடு சொல்ல வேண்டும், அல்லது அதை இயக்கும் நிறுவனத்தின் ஏஓசி, அதாவது வணிகப் பறப்புக்கான அனுமதிச் சான்று, சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்று சொன்னாலே அது மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டர் ஆகிவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். சிகோர்ஸ்கி எஸ்-92க்குக் கையேட்டிலேயே இரண்டு விமானிகள் கட்டாயம். ஏர்பஸ் எச்145ஐ ஒரே ஒருவர், மேகத்துக்குள்ளும்கூட, ஓட்டலாம் என்று சான்றளித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஏஓசி "இந்தப் பணியை இரண்டு விமானிகளோடுதான் செய்ய வேண்டும்" என்று சொன்னால், அதே எச்145 அந்தப் பணியில் மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டர். பக்கத்து நிறுவனத்தில் அதே இயந்திரம் சிங்கிள்-பைலட். ஹெலிகாப்டரின் பெயரை மட்டும் பார்த்து எந்த வகை என்று சொல்லிவிட முடியாது.

இதைப் புரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் ஏமாந்தவர்கள் உண்டு. கோ-பைலட் என்ற சொல்லுக்கே விதியில் வரையறை இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் தேவைப்படும் வானூர்தியில், பிஐசி அல்லாமல் பணிபுரியும் விமானி. பிஐசி என்றால் அந்தப் பறப்புக்குப் பொறுப்பான கேப்டன். ஒற்றை விமானி போதும் என்ற பணியில், "அனுபவத்துக்காக வந்து உட்கார்" என்று இடப்பக்க இருக்கையைக் கொடுத்தால், அங்கே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அதைக் கோ-பைலட் நேரமாக லாக்புக்கில் எழுத முடியாது. வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்: "இந்தப் பணிக்கு ஏஓசியில் இரண்டாவது விமானி கட்டாயமா?" பதில் ஆம் என்றால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

பறப்பின் தன்மையும் இரண்டாவது விமானியைக் கேட்கும். வணிகப் போக்குவரத்தில் 19க்கு மேல் பயணிகள் இருக்கைகள் உள்ள ஹெலிகாப்டருக்கு எப்போதும் இருவர். 9க்கு மேல் இருக்கைகள் இருந்து, ஐஎஃப்ஆரில், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் முறையில் போவதென்றால் அப்போதும் இருவர்.

ஆக மூன்று தாள்கள் ஒத்துப்போக வேண்டும்: ஹெலிகாப்டரின் கையேடு, நிறுவனத்தின் அனுமதி, விமானியின் லைசென்ஸ். ஒன்று இடித்தாலும் பறக்க முடியாது. 2020 ஜனவரி 26 அன்று அமெரிக்காவில் கலாபாசாஸ் மலைச்சரிவில் மோதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேரைப் பலிகொண்ட எஸ்-76பி விபத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரே ஒரு விமானி. கருவிப் பறப்புத் தகுதி அவருக்கு இருந்தது. ஆனால் நிறுவனத்தின் அனுமதி, கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் முறைக்கு மட்டும்தான். விஎஃப்ஆரிலேயே மேகத்துக்குள் தொடர்ந்து போனதையும், அதனால் விமானிக்கு ஏற்பட்ட திசைக் குழப்பத்தையும் விசாரணை காரணமாகக் காட்டியது. அந்த நாட்டு விதிகள் வேறு. ஆனால் விமானியின் கையில் இருக்கும் தகுதி மட்டும் போதாது என்பது எங்கும் பொருந்தும்.

படி 1: மருத்துவச் சான்று, காசு கட்டும் முன்

தொழில்முறை விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதை வாங்கிவிடுங்கள். இதயம், கண், காது, நிறப்பார்வை எல்லாம் பார்ப்பார்கள். இதில் நிறுத்தப்பட்டால் மற்ற எந்தச் செலவும் வீண்.

ஒற்றை விமானி, இருவர் குழு என்ற பிரிவு இந்தத் தாளிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் வகுப்புச் சான்று பொதுவாக 12 மாதம் செல்லும். பயணிகளை ஏற்றிச்செல்லும் ஒற்றை விமானி வணிகப் பறப்பில் இருப்பவருக்கு 40 வயது ஆகிவிட்டால் அது 6 மாதமாகக் குறையும். 60 வயதானால் எந்தப் பணியில் இருந்தாலும் 6 மாதம்தான்.

அடுத்து வயது வரம்பு. வணிகப் போக்குவரத்தில் 60 முதல் 64 வயதுவரை இருவர் குழுவின் உறுப்பினராக மட்டுமே பறக்கலாம் என்பதும், 65க்குப் பிறகு கூடவே கூடாது என்பதும் நெடுங்காலமாக உள்ள விதி. அவசர மருத்துவப் பணியில் இந்த 60ஐத் தளர்த்துவது பற்றி ஐரோப்பாவில் சில ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அந்த வயதை நெருங்குபவர்கள் அப்போதைக்கு நடப்பில் உள்ள வாசகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓஎம்எல் என்ற மூன்றெழுத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முழுத் தகுதி இல்லை, ஆனால் விலக்கிவைக்கும் அளவுக்கு மோசமும் இல்லை என்ற நிலையில் மருத்துவச் சான்றில் இதை எழுதுவார்கள். எழுதிவிட்டால் இருவர் குழுவில் மட்டுமே பறக்க முடியும். உடன் வரும் விமானி அந்த ரக ஹெலிகாப்டரில் முழுத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும், அவருக்கு ஓஎம்எல் இருக்கக் கூடாது, 60 வயதும் ஆகியிருக்கக் கூடாது. விமானங்களில் எப்படியும் இருவர் இருப்பதால் பெரிய கம்பெனி விமானிக்கு இது வேலையைப் பறிக்காது. மலைப் பகுதியில் தனியாகப் பறந்து பிழைக்கும் ஹெலிகாப்டர் விமானிக்கோ அந்த மூன்றெழுத்து அடுத்த நாளே வேலையை நிறுத்திவிடும். இருவர் குழுவுக்கான தகுதியையும் கையில் வைத்திருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு முக்கியமான காரணம் இதுதான். முப்பது வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை.

படி 2: எந்தத் தேர்வு எழுதுவது

எழுத்துத் தேர்வில் இரண்டு அளவு உண்டு. ஹெலிகாப்டருக்கான வணிக விமானி லைசென்ஸான சிபிஎல்(எச்) தேர்வு, அதற்கு மேலே மிக உயர்ந்த லைசென்ஸான ஏடிபிஎல்(எச்) தேர்வு. வான்சட்டம், வானிலை, வழிகாணல், எடைச் சமநிலை, ஹெலிகாப்டரின் பறப்பியல், மனிதச் செயல்திறன் என்று பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆழம்தான் கூடும். ஒவ்வொரு தாளிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். முதல் தாள் எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஒரே தாளில் நான்கு முறை தோற்றால் மொத்தமும் முதலிலிருந்து.

"சுற்றுலாப் பறப்புதான் செய்யப்போகிறேன், சின்னத் தேர்வு போதும்" என்று பலர் சிபிஎல் தேர்வோடு நிறுத்துகிறார்கள். என் கருத்து தெளிவானது: முடிந்தால் ஏடிபிஎல்(எச்) தேர்வையே எழுதுங்கள். மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டருக்கான டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரகத்தை ஓட்டும் தகுதிக்கான பயிற்சியைத் தொடங்க அது கட்டாயம். ஒற்றை விமானி ஓட்டும் இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டருக்குப் போகும்போதும் அதே தேர்ச்சியைத்தான் கேட்பார்கள். இல்லையென்றால் தனியாக ஒரு முன்தயாரிப்புப் படிப்பை முடித்த சான்று காட்ட வேண்டும். இரண்டு வழிக்கும் உதவுகிற தேர்வு இது ஒன்றுதான். வேலைக்குப் போன பிறகு, குடும்பம் குழந்தை என்று ஆன பிறகு, மறுபடி புத்தகத்தோடு உட்காருவது எவ்வளவு கடினம் என்று அப்படி உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தேர்ச்சிக்கும் ஆயுள் உண்டு. சிபிஎல்லோ கருவிப் பறப்புத் தகுதியோ வாங்க 36 மாதம் செல்லும். அதற்குள் வாங்கிவிட்டால், ஏடிபிஎல் கேட்பதற்கு அந்தத் தேர்ச்சி மேலும் நீடிக்கும்: லைசென்ஸில் உள்ள கருவிப் பறப்புத் தகுதி அல்லது ஹெலிகாப்டர் டைப் ரேட்டிங் கடைசியாகச் செல்லுபடியான நாளிலிருந்து 7 ஆண்டு. அதனால் வேலை இல்லாத காலத்திலும் ஏதாவது ஒரு சிறிய ரகத்தின் ரேட்டிங்கையாவது காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

படி 3: பிபிஎல்லிலிருந்து சிபிஎல்

தனிப்பட்ட லைசென்ஸான பிபிஎல்(எச்)சுக்கு 17 வயது, குறைந்தது 45 மணி நேரப் பயிற்சி. அதில் 25 மணி ஆசிரியரோடு, 10 மணி மேற்பார்வையில் தனியாக. ஆசிரியர் இல்லாமல் தனியாகக் கிளம்ப 16 வயது ஆகியிருந்தால் போதும். ராபின்சன் ஆர்22, ஆர்44 போன்ற சிறிய ஹெலிகாப்டர்களில்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

சிபிஎல்(எச்)சுக்கு 18 வயது. இரண்டு வழி. ஒரே பள்ளியில் தொடக்கம் முதல் முடிவுவரை படிக்கும் ஒருங்கிணைந்த படிப்பில் குறைந்தது 135 மணி. கருவிப் பறப்புத் தகுதியும் சேர்ந்தால் 180 மணி. மற்றது துண்டு துண்டாகப் படிப்பது. பிபிஎல் வாங்கி, மொத்தம் 155 மணி சேர்த்து, அதில் 50 மணியாவது ஹெலிகாப்டரில் பிஐசியாக இருந்து, அப்புறம் 30 மணி நேர சிபிஎல் பயிற்சி. மொத்தம் 185.

ஒருங்கிணைந்த படிப்பு மணி குறைவு என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இதில் 70 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டரின் முதல் டைப் ரேட்டிங்குக்கு, ஹெலிகாப்டரில் பிஐசியாக 70 மணி நேரம் கேட்கிறார்கள். குறைந்தபட்ச மணிநேரத்தோடு ஒருங்கிணைந்த படிப்பை முடிப்பவரிடம் அவ்வளவு பிஐசி நேரம் இருக்காது. அவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ரேட்டிங் கொடுப்பார்கள். ஆனால் "கோ-பைலட் பணிக்கு மட்டும்" என்ற கட்டுப்பாட்டோடு. 70 மணி பிஐசியாகவோ மேற்பார்வையில் பிஐசியாகவோ பறந்து, அந்த ரகத்தில் கேப்டன் இடத்தில் உட்கார்ந்து தேர்வு கொடுத்த பிறகே கட்டுப்பாடு நீங்கும். துண்டு துண்டாகப் படிப்பவர் மணி சேர்க்கும் காலத்தில் இன்னும் கொஞ்சம் தனியாகப் பறந்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

சிபிஎல் கையில் வந்ததும் என்ன செய்யலாம்? வணிகப் போக்குவரத்தில் சிங்கிள்-பைலட் ஹெலிகாப்டருக்குக் கேப்டனாக இருக்கலாம். மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டரில் கோ-பைலட்டாக இருக்கலாம். அதில் கேப்டனாக மட்டும் முடியாது, அதற்கு ஏடிபிஎல் வேண்டும்.

படி 4: டைப் ரேட்டிங்

சிறிய விமானங்களில் ஒரு வகுப்பு ரேட்டிங் வாங்கினால் பல ரகங்களை ஓட்டலாம். ஹெலிகாப்டரில் அந்தச் சலுகை இல்லை, ரகத்துக்கு ரகம் தனி ரேட்டிங். அதற்குள்ளும் சிங்கிள்-பைலட், மல்ட்டி-பைலட் என்ற பிரிவு உண்டு. ஒரே ரகத்தை ஒருவராக ஓட்டத் தகுதி வாங்கியவர், அதையே இருவராக ஓட்டத் தகுதி கேட்டால், அந்த ரகத்துக்கான எழுத்துப் பகுதியைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மறு முறைக்கான கூடுதல் பறப்புப் பயிற்சியை முடித்துத் தேர்வும் கொடுக்க வேண்டும். தனியாக ஓட்டத் தெரிந்தவருக்கு இருவராக ஓட்டுவது தானாக வந்துவிடும் என்று விதி நம்புவதில்லை. அது சரியான நிலைப்பாடு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஒற்றை விமானியின் இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டருக்கு முதன்முதலாக டைப் ரேட்டிங் வாங்குவோருக்கும் 70 மணி பிஐசி நிபந்தனை உண்டு. ஏடிபிஎல்(எச்)சுக்கான படிப்பையோ, கருவிப் பறப்போடு கூடிய சிபிஎல் படிப்பையோ ஒருங்கிணைந்த முறையில் முடித்தவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு.

படி 5: தனியாகப் பறக்கும் வழி

சிபிஎல் முடித்த புதியவருக்கு முதல் வேலை கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்: சுற்றுலா, படப்பிடிப்பு, சுமை தூக்குதல், பயிற்சி ஆசிரியர் பணி. ஆசிரியராகி மணி சேர்ப்பது பழகிய பாதை. அதற்கு ஹெலிகாப்டரில் மொத்தம் 250 மணி, சிபிஎல் உள்ளவராக இருந்தால் அதில் 100 மணி பிஐசியாக இருக்க வேண்டும்.

பகல், நல்ல வானிலை என்றால் சிபிஎல்லும் டைப் ரேட்டிங்கும் போதும். இருட்டும் மேகமும் வந்தால் கணக்கு மாறும். ஹெலிகாப்டரில் வலது கை சைக்ளிக் என்ற திசைக்கோலில், இடது கை கலெக்டிவ் என்ற ஏற்ற இறக்க நெம்புகோலில், கால்கள் பெடலில் இருக்கும். ரேடியோ அலைவரிசையை மாற்ற இடது கையைக் கலெக்டிவிலிருந்து எடுக்க வேண்டும். சைக்ளிக்கை விடவே முடியாது, விட்டால் பல ஹெலிகாப்டர்கள் தானாக நேரே நிற்காது. அந்த நிலையில் இரவில், மேகத்துக்குள், இறங்குதளத்தின் வரைபடத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டு, கட்டுப்பாட்டு மையம் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது. அதனால்தான் வணிகப் பணியில் ஒற்றை விமானியோடு ஐஎஃப்ஆரில் போகும் ஹெலிகாப்டரில் உயரத்தையும் திசையையும் பிடித்துவைக்கும் ஆட்டோபைலட் கட்டாயம்.

விமானிக்கும் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. முதலில் கருவிப் பறப்புத் தகுதியான ஐஆர்(எச்). துண்டு துண்டாகப் படிப்பவருக்கு ஒற்றை எஞ்சினில் 50 மணி, இரட்டை எஞ்சினில் 55 மணி கருவிப் பயிற்சி. பெரும்பகுதியைச் சிமுலேட்டரில் செய்யலாம். அதில் சேரும் முன் ஊர்விட்டு ஊர் போகும் பறப்பில் 50 மணி பிஐசியாக இருந்திருக்க வேண்டும்.

ஐஆர் வாங்கியதும் நிறுவனம் தனியாக அனுப்பிவிடாது. அந்தப் பணிச் சூழலில் 25 மணி ஐஎஃப்ஆர் அனுபவம், அந்த ரகத்தில் 25 மணி, அதில் 10 மணி மேற்பார்வையில் கேப்டனாக, ஒற்றை விமானி நடைமுறையில் கிளம்பி இறங்கும் 5 பறப்பாவது மேற்பார்வையோடு. இதையெல்லாம் முடித்த பிறகும், கடந்த 90 நாளில் 5 ஐஎஃப்ஆர் பறப்பும், அதற்குள் 3 கருவி இறங்கலும் செய்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் சிறிய நிறுவனங்களுக்கு இந்தக் கடைசி எண்தான் தலைவலி. வானிலை மோசமாகித் தேவைப்படும் நாளில் பார்த்தால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் பயிற்சி போதாமல் இருக்கும்.

பிபிஎல் கட்டத்திலேயே இரவுத் தகுதி வாங்க நினைப்பவருக்கு, லைசென்ஸ் கிடைத்த பின் 100 மணி பறந்திருக்க வேண்டும், அதில் 60 மணி பிஐசியாக. பயிற்சியில் 5 மணி இரவுப் பறப்பும், தனியாக ஐந்து இரவுச் சுற்றும் உண்டு.

தனி விமானிகள் பலர் கனவு காண்பது ஹெம்ஸ், அதாவது ஹெலிகாப்டர் அவசர மருத்துவப் பணி. அதற்குத் தேவைப்படும் அனுபவத்தைத் தனியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். கேப்டனுக்கு 1000 மணி பிஐசி, அதில் 500 மணி ஹெலிகாப்டரில். இல்லையென்றால் ஹெம்ஸ் பணியிலேயே 1000 மணி கோ-பைலட், அதில் 500 மணி மேற்பார்வையில் பிஐசியாக, அதோடு 100 மணி ஹெலிகாப்டரில் பிஐசியாக. எந்த வழியில் வந்தாலும் அதே மாதிரிச் சூழலில் 500 மணி ஹெலிகாப்டர் அனுபவம் வேண்டும். மலையில் பணி என்றால் மலையில் பறந்திருக்க வேண்டும், சமவெளியில் சேர்த்த மணி எடுபடாது. இரவுப் பணிக்கு 20 மணி இரவு பிஐசி நேரம். பகலில் ஒரு விமானியும், ஹெம்ஸ் பயிற்சி பெற்ற தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவரும் இருப்பார்கள். இரவில் இரண்டு விமானிகள், அல்லது குறிப்பிட்ட நிபந்தனைகளோடு மறுபடி அதே ஒரு விமானி, ஒரு உறுப்பினர். அந்த உறுப்பினர் வரைபடம் பார்ப்பார், தடைகளைச் சொல்வார், ரேடியோவிலும் உதவுவார். ஆனால் அவர் விமானி அல்ல. மருத்துவச் சான்றில் ஓஎம்எல் உள்ளவருக்கு அவர் துணை போதாது.

படி 6: இருவர் குழு வழி

இங்கே முதல் தேவை எம்சிசி, அதாவது குழுவாக இணைந்து பறக்கும் பயிற்சி. 25 மணி வகுப்பு, அதோடு கருவிப் பறப்பு முறையென்றால் 20 மணி, விஎஃப்ஆர் முறையென்றால் 15 மணி செயல்முறை. விஎஃப்ஆர் எம்சிசி முடித்தவர் பின்னால் கருவி முறைக்கு மாற இன்னும் 5 மணி. இருவர் குழுவுள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் ஐஎஃப்ஆரில் பறக்கின்றன என்பதால் நேராகக் கருவி முறையையே எடுத்துவிடுங்கள்.

தனியாக ஆயிரக்கணக்கான மணி ஓட்டியவர்கள்தான் எம்சிசியில் அதிகம் திணறுகிறார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். ஓட்டுபவர் எதையும் மௌனமாகச் செய்யக் கூடாது. இறங்கும் உயர எல்லைக்கு நூறு அடி முன்பாகக் கண்காணிப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும். வேகம் குறித்த அளவைத் தாண்டினால் "ஸ்பீட்" என்று சொல்ல வேண்டும், அவர் இருபது வருட அனுபவமுள்ள கேப்டனாக இருந்தாலும். வயதில் மூத்தவரைத் திருத்தத் தயங்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது உண்மையிலேயே பழகவேண்டிய விஷயம். "அண்ணா, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று குழைவதற்கு அங்கே நேரம் கிடையாது. சொன்னதற்குப் பதில் வராவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும், அதற்கும் வராவிட்டால் கட்டுப்பாட்டைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சியின் பாதி இதுதான்.

எம்சிசி, ஏடிபிஎல்(எச்) எழுத்துத் தேர்ச்சி, 70 மணி பிஐசி, ஐஆர், இவ்வளவும் இருந்தால் மல்ட்டி-பைலட் டைப் ரேட்டிங். எம்சிசியையும் டைப் ரேட்டிங்கையும் சேர்த்து நடத்தும் படிப்புகளும் உண்டு. பெரிய ஹெலிகாப்டரின் டைப் ரேட்டிங்கைச் சொந்தக் காசில் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை உறுதியான பின் நிறுவனமே எடுத்துத் தரட்டும்.

படி 7: ஏடிபிஎல்(எச்)

மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டரின் கேப்டன் இருக்கைக்கு இதுதான் சாவி. 21 வயது, ஹெலிகாப்டரில் 1000 மணி. அந்த ஆயிரத்துக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டரில் 350 மணி; 250 மணி பிஐசி, அல்லது 100 மணி பிஐசியும் 150 மணி மேற்பார்வையில் பிஐசியும்; 200 மணி ஊர்விட்டு ஊர் போகும் பறப்பு, அதில் 100 பிஐசியாகவோ மேற்பார்வையில் பிஐசியாகவோ; 30 மணி கருவிப் பறப்பு; 100 மணி இரவு.

இந்த 350தான் கழுத்தைப் பிடிக்கும். மலையில் நாலாயிரம் மணி தனியாகப் பறந்து, எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றிய ஒரு விமானிக்கு ஏடிபிஎல் கிடைக்காமல் போகலாம். வடகடலில் ஆயிரத்துச் சொச்சம் மணி கோ-பைலட்டாக இருந்த இளைஞருக்குக் கிடைக்கலாம். திறமையை அளந்து போட்ட எண் இல்லை இது, அனுபவத்தின் வகையை அளக்கிறது. ஆனால் பாதிக்கப்படுபவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. தனி விமானி வழியில் போகிறவர்கள், இடையில் இரண்டு ஆண்டாவது இருவர் குழுவுள்ள நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டால் இந்த எண்ணைத் தாண்டிவிடலாம்.

மறுபக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. முழுக்க இருவர் குழுவிலேயே வளர்ந்தவர், 250 மணியையும் மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டரில் மேற்பார்வையில் பிஐசியாகவே காட்டலாம். ஏடிபிஎல் கிடைக்கும், ஆனால் அது இருவர் குழுப் பறப்புக்கு மட்டும் செல்லும். உண்மையான பிஐசியாக 100 மணி முடித்த பிறகே முழு உரிமை.

தேர்வை மல்ட்டி-பைலட் ஹெலிகாப்டரிலோ அதன் சிமுலேட்டரிலோ, கேப்டன் இடத்தில் உட்கார்ந்து, குழுவை நடத்திக்காட்டிக் கொடுக்க வேண்டும். மணிக்கணக்கில் 100 மணிவரை சிமுலேட்டர் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 8: வாங்கியதைக் காப்பாற்றிக்கொள்வது

டைப் ரேட்டிங்கும் ஐஆரும் ஓராண்டு செல்லும். காலாவதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் திறன் சோதனையை முடித்தால் தேதி நஷ்டமில்லாமல் அடுத்த ஆண்டுக்கு நீளும். அந்த ரகத்தில் ஆண்டுக்கு 2 மணியாவது பறந்திருக்க வேண்டும், சோதனை நேரத்தையும் அதில் சேர்க்கலாம். வணிக நிறுவனத்தில் இருந்தால் இதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனச் சோதனையும் உண்டு. பயணிகளை ஏற்றும் முன், கடந்த 90 நாளில் மூன்று கிளம்பல், மூன்று அணுகல், மூன்று இறங்கல். ரேடியோ மொழித் தேர்ச்சி நான்காம் நிலையென்றால் நான்கு ஆண்டுக்கும், ஐந்தாம் நிலையென்றால் ஆறு ஆண்டுக்கும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை.

சோதனையில் ஒரு நுணுக்கம். ஒரே ரகத்தைத் தனியாகவும் இருவராகவும் ஓட்டுபவர், இருவர் முறையில் மட்டும் சோதனை கொடுத்துவிட்டு வந்தால் தனியாகப் பறக்கும் உரிமை தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒற்றை விமானிக்கான பகுதிகளையும் அன்றே சேர்த்துக் காட்ட வேண்டும். சோதனைக்குப் போகும் முன்பே தேர்வாளரிடம் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்து கையெழுத்தானதும் படிவத்தில் இரண்டு முறைகளும் எழுதியிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

இந்தியாவில் வாங்கிய சிபிஎல்(எச்)சும் ஏடிபிஎல்(எச்)சும் சர்வதேச சிவில் விமான அமைப்பின் முதல் இணைப்பை ஒட்டியவைதான். ஆனாலும் ஐரோப்பாவில் அவை நேராகச் செல்லாது. முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள், மொழித் தேர்ச்சி, திறன் தேர்வு எல்லாம் மறுபடி உண்டு. ஏற்கெனவே பறந்த மணிநேரத்துக்கு மதிப்பு உண்டு என்பதால் பயிற்சி மணிகள் பெருமளவு குறையும். அதனால் லாக்புக்கில் ஒவ்வொரு பறப்பும் ஒற்றை விமானிப் பணியா, இருவர் கட்டாயமான பணியா என்று தனித்தனியாகத் தெரியவேண்டும். இருவர் கட்டாயம் என்று காட்டும் நிறுவன அனுமதியின் நகலையும், மேற்பார்வைக் கேப்டனின் கையெழுத்தையும் வேலையை விட்டு விலகும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய அதிகாரி அந்த 350 மணிக்கு ஆதாரம் கேட்கும்போது, மூடிப்போன நிறுவனத்தைத் தேடி அலைய முடியாது.